அஞ்சும் நாய்க்குட்டியைத் தேற்றுவது எப்படி?

புதிதாக வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி முதல் நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வது இயல்பு. இரண்டாம் நாளும் ஒளியலாம். இரண்டு வாரங்கள் கழிந்த பின்னும் அது உணவுத் தட்டின் அருகே வர மறுத்தாலோ, கதவு தட்டப்படும் ஓசைக்கே சிறுநீர் கழித்தாலோ, நீட்டிய கையைக் கண்டு சுவரோடு ஒட்டி நடுங்கினாலோ, அதைக் கூச்சம் என்று எண்ணி விட்டுவிடலாகாது. அது அச்சம். குட்டியின் உடல் வளரும்போது கவனிக்கப்படாத அச்சமும் உடன் வளரும்.

இன்று நடுங்கும் குட்டி ஓராண்டில் முழு வளர்ச்சி பெற்ற நாயாகிவிடும். ஒளிவதற்கு இடம் இல்லாத ஒரு நாளில் அது பல்லைக் காட்டும். அண்டை வீட்டுக் குழந்தை கடிபடும். அதன்பின் நிகழ்வது நம்மில் பலரும் அறிந்ததே. அக்கம்பக்கத்தாரின் மனக்கசப்பும் குடும்பத்தாரின் வருத்தமும் சேர்ந்து, ஒரு நள்ளிரவில் அந்த நாய் தொலைவில் உள்ள ஏதோ ஒரு தெருவில் கொண்டுபோய் விடப்படும். வீட்டில் வளர்ந்து பழகிய அந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கும் வழி தெரியாது. இத்துயர முடிவைத் தவிர்க்க வேண்டுமெனில் முதல் சில வாரங்களிலேயே முயற்சி தொடங்க வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும், கைநிறைய அவித்த கோழித் துணுக்குகளும் போதும்.

இக்கட்டுரையை மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பை மனத்தில் கொண்டு எழுதுகிறோம். பெரிய தோட்டமும் தனி அறையும் உடைய வீடுகளுக்கென எழுதப்பட்ட அறிவுரைகள் ஏராளமாக உள்ளன. ஒற்றை அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழும் இடத்தில், அஞ்சும் குட்டியை எவ்வாறு ஆளாக்குவது என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

ஓசைகள் நிறைந்த ஓர் உலகம்

தாராவியின் ஒரு பகுதியாகிய லேபர் கேம்ப், மேற்கு இரயில் பாதைக்கும் மத்திய இரயில் பாதைக்கும் இடையே அமைந்த நெரிசலான நிலப்பரப்பில் உள்ளது. தமிழரும் மராட்டியரும் பிறரும் தலைமுறைகளாக அருகருகே வாழும் பகுதி இது. வீடு எனப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு கோலி. அதன் மேல் இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் ஒரு மாடி. வாசலைத் தாண்டினால் இருவர் எதிரெதிரே நடக்கச் சிரமப்படும் சந்து.

நாயின் செவிக்கு இவ்விடம் எவ்வாறு இருக்கும் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது. அதிகாலையில் இட்லி விற்போர் அடிக்கும் ஹாரன், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக் குடங்களின் மோதல், குக்கரின் சீழ்க்கை, தையல் இயந்திரத்தின் கடகடப்பு, மாடிக்கு ஏறுவோரின் காலடியில் அதிரும் இரும்பு ஏணி ஆகியவை நமக்குப் பழகிய பின்னணி ஓசைகள். நேற்று வரை தாயின் வயிற்றோடு ஒண்டிக் கிடந்த குட்டிக்கோ இவை ஒவ்வொன்றும் ஓர் அதிர்ச்சி.

இங்குள்ள குட்டிகளுக்கு இரு பெரும் இடர்கள் உண்டு. வேண்டாத அனுபவத்திலிருந்து விலகிச் செல்ல இடமில்லை என்பது முதலாவது. வருவோர் போவோர் அனைவரும் குட்டியைத் தொட்டுத் தூக்கிக் கொஞ்ச விரும்புவது இரண்டாவது. ஆனால் ஒரு பெரும் வாய்ப்பும் உண்டு. பங்களாவில் வளரும் குட்டி மாதத்துக்கு ஒருமுறை காணும் புதுமைகளை லேபர் கேம்ப் குட்டி ஒரே காலையில் காண்கிறது. முதியவர், கைக்குழந்தை, பர்தா அணிந்தவர், தலையில் சுமை தூக்கியவர், பூனை, ஆடு, கைவண்டி என எல்லாமே வாசலைக் கடந்து செல்கின்றன. இவற்றை அளவோடு அறிமுகம் செய்தால் எதற்கும் கலங்காத நாயாக அது வளரும். அளவு தவறினால் அதே சூழல் அச்சத்தின் விளைநிலமாகிவிடும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

குட்டியின் அச்சத்துக்குக் காரணங்கள் நான்கு வகைப்படும்.

முதலாவது பிறவி இயல்பு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலும் துணிந்தது ஒன்று, ஒதுங்குவது ஒன்று என வேறுபாடு இருக்கும். இன வேறுபாடும் உண்டு. நம் தென்மாவட்டங்களுக்குரிய கன்னி இன நாய் அந்நியரிடமிருந்து ஒதுங்கி நிற்கும் கூச்ச இயல்புக்குப் பெயர் பெற்றது. இத்தகைய குட்டியை எல்லோரிடமும் ஓடிச் சென்று குலாவும் நாயாக மாற்ற முயல்வது வீண். அச்சமின்றி அமைதியாக ஒதுங்கி இருக்க அதற்குக் கற்பித்தால் போதும்.

இரண்டாவது தாயின் நிலை. பசியிலும் அச்சத்திலும் உழலும் தாயிடம் பிறந்த குட்டிகள் எளிதில் கலக்கம் கொள்கின்றன. மனிதரைக் கண்டதும் தாய் ஓடினால் குட்டிகளும் அதனைப் பார்த்தே ஓடக் கற்கின்றன.

மூன்றாவது கடந்துபோன பருவம். இதனைச் சற்று விரிவாகக் காண்போம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய அறிஞர்கள் நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்டனர். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரையிலான காலமே அது உலகோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் என்பது அவர்கள் கண்ட முக்கிய முடிவு. அதே ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் நடத்திய சோதனையின் முடிவுகள் 1961-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில், மனிதரோடு பழக்கமின்றிக் குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் அவற்றை ஒரு வார காலம் மனிதரோடு பழகவிட்டனர். 14 வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லாதிருந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல அஞ்சி விலகின. அவற்றைப் பழக்குவது மிகக் கடினமாயிற்று. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் நம் பழமொழி நாய்க்குட்டிக்கும் பொருந்துகிறது. அதன் ஐந்து ஆண்டுகளல்ல, வாரங்களே என்பதுதான் வேறுபாடு.

இப்பருவம் கடந்துவிட்ட குட்டிக்கு நம்பிக்கையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முன்னேற்றம் மெதுவாக இருக்கும், பயிற்சி நீண்ட காலம் தேவைப்படும் என்பதே பொருள்.

நான்காவது கசப்பான அனுபவம். வாகனம் மோதியது, கல்லெறி பட்டது, பெரிய நாய் கடித்தது, வால் மிதிபட்டது முதலியன இதில் அடங்கும். மிகச் சிறு வயதில் தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிவதும் இத்தகைய இழப்பே. தாயோடும் குட்டிகளோடும் விளையாடும்போதுதான் கடியின் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் மற்ற நாய்களின் உடல்மொழியை அறியவும் குட்டி கற்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் கூறுவதும் இக்காரணம் பற்றியே. தெருவில் ஈன்ற குட்டியை எடுத்து வளர்க்க விரும்புவோரும், தாய் உயிரோடு இருக்குமானால் எட்டு வாரம் வரை குட்டியைத் தாயிடமே விட்டு, அங்கேயே நாள்தோறும் சென்று பழகுவது நல்லது.

உடல் பேசும் மொழி

குட்டியால் தன் அச்சத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதன் உடல் ஓயாது சொல்லிக்கொண்டிருக்கும். வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவதும் நடுங்குவதும் எவரும் அறிந்த அடையாளங்கள். அவற்றுக்கு முன்பே தோன்றும் நுட்பமான அறிகுறிகளைக் காணக் கற்பதே முக்கியம். உணவு இல்லாதபோதும் நாவால் மூக்கை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுதல், முன்காலொன்றை உயர்த்தியபடி நிற்றல், காதுகளைப் பின்னோக்கி மடித்தல், கண்ணின் வெண்பகுதி தெரியுமாறு கடைக்கண்ணால் நோக்குதல், வெயில் இல்லாதபோதும் மூச்சிரைத்தல், விருப்பமான உணவையும் மறுத்தல் ஆகியவை அவை.

அசையாமல் உறைந்து நிற்கும் குட்டியைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. எத்தனை பேர் தூக்கினாலும் சும்மா இருப்பதைக் கண்டு, 'எவ்வளவு சாதுவான குட்டி' என்று மகிழ்வோர் உண்டு. அது சாதுவாக இல்லாமல், அச்சத்தால் செயலற்று இருக்கலாம். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்னும் பழமொழியையும் இவ்விடத்தில் நம்ப வேண்டாம். அஞ்சும் நாய் தன்னை அச்சுறுத்துவதை விலக்கவே குரைக்கிறது. குரைத்தும் அது விலகாவிடில் கடிப்பதே அந்நாய்க்கு எஞ்சியுள்ள வழி. உறுமும் குட்டியை உறுமியதற்காக அடித்தால், அச்சம் நீங்காமல் எச்சரிக்கை மட்டுமே நீங்கும். பின்னொரு நாள் அது உறுமாமலே கடிக்கும்.

செய்யலாகாதவை

'அடியாத மாடு படியாது' என்பது இன்னொரு பழமொழி. அச்சத்துக்கு மருந்து அடி என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றே உண்டு. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனை உளவியல் வரலாற்றில் புகழ்பெற்றது. தன் செயலால் நிறுத்த இயலாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்களில் பல, பின்னர் எளிதில் தப்பக்கூடிய இடத்தில் வைக்கப்பட்டபோதும் தப்ப முயலாமல் படுத்துக்கிடந்தன. தன் முயற்சியால் பயன் இல்லை என்று கற்றுக்கொண்ட உயிர் முயற்சியையே கைவிடுகிறது. இன்று எவரும் ஏற்காத கொடிய சோதனை அது. எனினும் அதன் பாடம் தெளிவானது. அச்சம் தரும் சூழலிலிருந்து விலகும் உரிமையைப் பறித்தால் துணிவு பிறக்காது. தன் செயலால் நிலைமையை மாற்ற முடியும் என்று குட்டி உணரும்போதே துணிவு பிறக்கிறது.

எனவே கீழ்க்கண்டவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒளிந்திருக்கும் குட்டியை இழுத்து வெளியே போடுதல் கூடாது. 'பழகட்டும்' என்று கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் விடுதல் கூடாது. வாசலில் குட்டைச் சங்கிலியில் கட்டி வைத்தல் கூடாது. கட்டுண்ட குட்டியால் ஓட முடியாது என்பதால் அது எதிர்க்கவே கற்கும். அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டுவதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராதிருப்பதும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்களாகும்.

மற்றொரு தவறான கருத்தும் பரவலாக உள்ளது. அஞ்சும் குட்டியைத் தடவி ஆறுதல் சொன்னால் அச்சம் வளர்ந்துவிடும் என்பர். அச்சம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் அதை வளர்ப்பதில்லை. குட்டி தானாக நம்மை நாடி வந்தால் அமைதியான குரலில் பேசி அருகில் இருத்திக்கொள்ளலாம். நாமும் பதறாதிருந்தால் போதும்.

வீட்டுக்குள் முதற்படி

ஒற்றை அறையிலும் குட்டிக்கென ஓர் இடம் ஒதுக்க இயலும். கட்டிலுக்கு அடியிலோ ஏணியின் கீழோ ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பழைய சேலையை உள்ளே விரித்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினால் குகை போன்ற இடம் அமைந்துவிடும். அங்குக் குட்டி இருக்கும்போது எவரும் கை நீட்டலாகாது என்பது வீட்டின் சட்டமாக இருக்கட்டும். குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் இதில் விலக்கு இல்லை.

அடுத்தது ஒழுங்கு. உணவு, சிறுநீர் கழிக்க வெளியே செல்லுதல், விளையாட்டு, உறக்கம் ஆகியவை நாள்தோறும் ஏறத்தாழ அதே நேரத்தில் நிகழட்டும். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருந்தால் குட்டியின் கலக்கம் குறையும். இளங்குட்டிகளுக்கு நாளின் பெரும்பகுதி உறக்கம் தேவை. இரவு வெகுநேரம் விளக்கெரியும் வீடுகளில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். உறக்கம் குறைந்த குட்டி எளிதில் மிரளும்.

இனி பயிற்சியின் மையக் கருத்துக்கு வருவோம். ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் நாய்கள், உணவுக்கு முன் தொடர்ந்து ஓர் ஒலியைக் கேட்டுப் பழகியதால் அவ்வொலிக்கே எச்சில் ஊறின என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதே விதி இங்கு உதவுகிறது. அச்சம் தருவது மிக மெல்லிய அளவில் முதலில் வர வேண்டும். அதைத் தொடர்ந்து உடனே சுவையான உணவு வர வேண்டும். சிறுகச் சிறுக, 'அந்த ஓசை வந்தால் கோழித்துண்டு வரும்' என்று குட்டியின் மனம் கணக்கிடத் தொடங்கும்.

குக்கர் சீழ்க்கைக்கு அஞ்சும் குட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குக்கர் சீழ்க்கையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்க. குட்டி அமைதியாக இருக்கும் வேளையில், காதுக்கு எட்டியும் எட்டாததுமான மிகக் குறைந்த ஒலியில் அதை ஒலிக்கச் செய்க. ஒலி கேட்டவுடன் ஒரு சிறு கோழித்துண்டைத் தருக. ஒலி நின்றதும் உணவும் நிற்கட்டும். ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வேளைப் பயிற்சி மூன்று நிமிடங்களில் முடியட்டும். ஒலியைக் கேட்டதும் குட்டி நம் கையை ஆவலோடு நோக்கத் தொடங்கினால் மட்டும் மறுநாள் ஒலியைச் சற்றே கூட்டலாம். உணவை மறுத்தாலோ காதை மடித்தாலோ நாம் விரைந்துவிட்டோம் என்று பொருள். முந்தைய அளவுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். இப்பயிற்சி நடைபெறும் நாட்களில் உண்மையான குக்கரை அடுப்பில் ஏற்றும்முன், வீட்டார் ஒருவர் குட்டியைச் சந்தின் மறுமுனைக்கு அழைத்துச் செல்வது நலம்.

முறைமாற்றம் எதுவும் இக்கணக்கைக் கெடுத்துவிடும். முதலில் உணவைக் காட்டிக் குட்டியை அழைத்து, அது வந்த பின் ஓசையை எழுப்பினால், உணவே ஆபத்தின் அறிகுறியாகிவிடும். முதலில் ஓசை, பின்பு உணவு என்பதை மறக்கலாகாது.

புதிய மனிதர்களுக்கும் இதே வழி பொருந்தும். வீட்டுக்கு வருபவர் குட்டியை நோக்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமரட்டும். உணவைத் தம் கையில் வைத்து அழைக்காமல், குட்டிக்கும் தமக்கும் இடையே சற்றுத் தொலைவில் உருட்டி விடட்டும். குட்டி எடுத்துக்கொண்டு பின்வாங்கினால் பின்வாங்கட்டும். வருவதும் போவதும் அதன் விருப்பம். அது தானாக வந்து முகர்ந்தால், மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ மூன்று நொடிகள் வருடிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மீண்டும் வேண்டுமெனக் குட்டி நெருங்கினால் தொடரலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவதைப் பெரும்பாலான குட்டிகள் விரும்புவதில்லை.

துணிவை வளர்க்கும் விளையாட்டுகளும் உள. பழைய துணியைச் சுருட்டி அதன் மடிப்புகளில் உணவுத்துண்டுகளை ஒளித்து வைத்தால், குட்டி மோப்பம் பிடித்துத் தேடி எடுக்கும். அட்டைப்பெட்டி, கவிழ்த்த பாத்திரம், சாக்கு, மரப்பலகை எனப் பலவகைப் பொருள்களைத் தரையில் பரப்பி, ஏறவும் இறங்கவும் விடலாம். தன் முயற்சியால் ஒன்றை வென்றெடுக்கும் குட்டி, அடுத்ததை முயலத் துணிகிறது. உணவில் உப்பு, காரம், வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகியவை இருத்தலாகாது.

சந்துக்குள் இறங்குதல்

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை வெளியே கொண்டுபோகலாகாது என்பது பலர் அறிந்த அறிவுரை. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய தொற்றுகள் உள்ள நம் ஊர்களில் அதில் நியாயம் உண்டு. ஆனால் இத்தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் ஏறத்தாழ 16 வாரம் வரை போடப்படுகின்றன. அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் உலகைக் கற்கும் பருவமே கடந்துவிடும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாட்களுக்குப் பின் பாதுகாப்பான முறையில் சமூகப் பழக்கம் தொடங்கலாம் என்று அமெரிக்க விலங்கு நடத்தையியல் கால்நடை மருத்துவர் சங்கம் கூறுகிறது. தங்கள் மருத்துவரிடம் கலந்து பேசி இதனை முடிவு செய்க.

இரண்டையும் காக்கும் எளிய வழி, குட்டியைத் தரையில் விடாமல் பையிலோ கூடையிலோ வைத்துத் தூக்கிச் செல்வதாகும். வாசற்படியில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டு சந்தை வேடிக்கை பார்ப்பதே முதல் பாடம். கைவண்டி ஒன்று கடந்தது, ஒரு துண்டு உணவு. பள்ளிப்பிள்ளைகள் ஓடினர், ஒரு துண்டு. பூனை எட்டிப் பார்த்தது, ஒரு துண்டு. பத்து நிமிடம் போதும். மக்கள் நடமாட்டம் குறைந்த அதிகாலையில் தொடங்குக. பின்பு ஒவ்வொரு வாரமும் சற்று நெரிசலான நேரத்துக்கு மாறி, தடுப்பூசிகள் முடிந்தபின் 90 அடிச் சாலையின் ஓரம் வரை செல்லலாம். குட்டி மிரண்டால் அதை வற்புறுத்தி முன்னே இழுக்காமல் தொலைவை அதிகமாக்க வேண்டும். அச்சம் தருவதற்கும் குட்டிக்கும் இடையேயுள்ள தொலைவுதான் நம் கையிலுள்ள சிறந்த கருவி. கழுத்துப்பட்டையைக் காட்டிலும் மார்போடு பூட்டும் பட்டை நல்லது. மிரண்டு பின்வாங்கும் குட்டி கழுத்துப்பட்டையிலிருந்து எளிதில் நழுவி, வாகனங்களுக்கிடையே ஓடிவிடக்கூடும்.

விழா நாட்களும் மழைக்காலமும்

லேபர் கேம்ப்பின் ஆண்டு விழாக்கள் நிறைந்தது. தைப்பொங்கல், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், விநாயகர் சதுர்த்தியின் டோல் தாஷா முழக்கம், தீபாவளியின் வெடியோசை ஆகியவை நாட்காட்டியில் முன்கூட்டியே தெரிபவை. எனவே ஆயத்தமும் முன்கூட்டியே இயலும். மேலே கூறிய கைப்பேசிப் பயிற்சியை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கலாம்.

விழா நாளில் மாலைக்கு முன்பே உணவூட்டி, வெளியே அழைத்துச் சென்று வந்துவிட வேண்டும். கதவையும் சன்னலையும் மூடி, விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிட்டு, குட்டியை அதன் பெட்டிக்குள் இருக்க விடலாம். ஊர்வலத்தைக் காட்டத் தூக்கிச் செல்வது வேண்டவே வேண்டாம். கழுத்தில் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருக்கட்டும். மிரண்டு ஓடும் நாயை வீடு சேர்ப்பது பெரும்பாலும் அந்த வில்லையே. நடுங்கி உணவையும் மறுக்கும் குட்டிக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்துகள் உண்டு. மனிதர்க்குரிய தூக்க மாத்திரையை நாமே கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

மும்பையின் இடி மழைக்கும் இவையே பொருந்தும். வீடு மாறும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். பழகிய மணம் புதிய இடத்தில் குட்டிக்குத் துணை நிற்கும். ஆகவே அதன் பழைய துணியைத் துவைக்காமல் உடன் எடுத்துச் செல்க.

குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டியவை

குட்டிக்குக் கற்பிப்பதில் பாதி, குழந்தைகளுக்குக் கற்பிப்பதே. உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடாதே, துரத்தாதே, கட்டிப்பிடிக்காதே, அது எழுந்து போனால் போகவிடு. இந்நான்கையும் வீட்டுப் பிள்ளைகளும் சந்துப் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றித் தனியே விடலாகாது.

கடி ஏற்பட்டால், சிறு கீறலாயினும், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். உலகின் ரேபிஸ் இறப்புகளில் 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாதது. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் முழுமையாகத் தடுக்கலாம். நாய்க்கும் மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் கால அளவில் தொடர வேண்டும்.

நகரமும் சட்டமும் செலவும்

மும்பை நகருக்கும் நாய்களுக்கும் உள்ள உறவு நெடியது. தெருநாய்களைக் கொல்லும் ஆங்கிலேய அரசின் ஆணையை எதிர்த்து 1832 ஜூன் மாதத்தில் பார்சி மக்கள் முன்னின்று நடத்திய கிளர்ச்சி வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இந்நகரில் 1874-இல் தோன்றியது. அச்சங்கத்தின் பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனை இன்றும் பரேலில் இயங்குகிறது. 1886-இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேயே உள்ளது. தாராவியிலிருந்து இவை தொலைவிலில்லை.

வீட்டு நாய்க்கு மாநகராட்சியின் உரிமம் பெற வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று அதற்குத் தேவை. தெருநாய்களைப் பொறுத்தவரை, கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதற்கான நடைமுறையை 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வகுத்துள்ளன. வளர்க்க இயலவில்லை என்று நாயைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். எனவே குட்டியை ஏற்கும் முன்பே வீட்டார் கூடிக் கணக்கிட வேண்டும். முதல் ஆண்டில் தடுப்பூசிகள், குடற்புழு நீக்கம், உரிமம், கருத்தடை அறுவை, அன்றாட உணவு என்னும் ஐந்து செலவுகள் உறுதியாக வரும். இவற்றுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைப்பது நலம். திடீர் மருத்துவச் செலவே பல நாய்கள் கைவிடப்படுவதற்குக் காரணமாகிறது. பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்களுக்கும் காப்பீடு வழங்குகின்றன. அவற்றின் வரம்புகளையும் விலக்குகளையும் படித்து முடிவு செய்க.

இத்தனை பயிற்சிக்குப் பின்னும் எட்டு வாரங்களில் முன்னேற்றம் இல்லையெனில், அல்லது துணிவோடிருந்த குட்டி திடீரென அஞ்சத் தொடங்கினால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதுவலி, வயிற்றுப் புழு, மூட்டுநோய், பார்வைக் குறை ஆகியவையும் அச்சமாக வெளிப்படுவதுண்டு. ஆறு மாதம் முதல் ஓராண்டு வயதுக்குள் சில நாய்களுக்குப் பழைய அச்சம் சிறிது காலம் மீண்டும் தலைகாட்டலாம். அப்போது மனம் தளராமல் தொடக்கப் படிகளிலிருந்து மீண்டும் தொடங்கினால் போதும்.

நம் வாடிக்கையாளர்களுக்குத் தொடர் வைப்பு நன்கு தெரிந்தது. சிறு தொகைதான், ஆனால் தவறாமல் செலுத்த வேண்டும். குட்டியின் மனத்தில் நம்பிக்கையும் அவ்வாறே சேர்கிறது. நாளுக்கு மூன்று நிமிடம், ஒரு கைப்பிடி உணவு, வற்புறுத்தாத ஒரு கை. தவணை தவறினால் அடுத்த நாள் தொடரலாம். ஆனால் ஒரே ஒரு அடி, பல வாரச் சேமிப்பைக் கரைத்துவிடும். எந்நாளில் முதிர்வு என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கட்டிலுக்கு அடியிலிருந்த குட்டி ஒரு காலைப்பொழுதில், குக்கர் சீழ்க்கை கேட்டதும் ஒளியாமல், நம் முகத்தை நோக்கி வாலாட்டும். அதுவரை பொறுத்திருப்பது நம் கடமை.